சைலன்சர் மாற்றியாயிற்று, ட்யூனிங் வேண்டுமா?

புது சைலன்சர் போட்ட வண்டி முதல் நாள் பறக்கும். மறுநாள் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து படபடவென்று வெடிக்கும். மூன்றாம் நாள் டீக்கடையில் இன்னொரு புல்லட்காரர் பக்கத்தில் வந்து நின்று, "ட்யூனிங் பண்ணிட்டீங்களா ப்ரோ? பண்ணலைன்னா பிஸ்டன் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான்காம் நாள் நீங்கள் மெக்கானிக் வாசலில் நிற்பீர்கள். இந்த அத்தியாயம் மூன்றாம் நாள் இரவு படிப்பதற்காக எழுதியது.

ட்யூனிங் என்ற சொல் நம் ஊரில் பல வேலைகளுக்குப் பொதுப்பெயர். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை இறக்குவதும் ட்யூனிங்தான், ஜெட் மாற்றுவதும் ட்யூனிங்தான், லேப்டாப்பைச் செருகி, இன்ஜினின் கணினியான இசியுவின் மேப்பை மாற்றி எழுதுவதும் ட்யூனிங்தான். முதல் வேலை டீச்செலவோடு முடியும். கடைசி வேலைக்குப் பல ஆயிரம் ஆகும். இங்கே நான் பேசுவது ஒன்றைப் பற்றித்தான்: இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைத் திருத்துவது. சைலன்சர் மாற்றியதால் அந்த விகிதம் கெட்டதா, கெட்டிருந்தால் வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளுமா என்று பார்க்க வேண்டும். சத்தம் எவ்வளவு மாறியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உதாரணங்களுக்கு ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்கிறேன். சென்னை வண்டி என்ற பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரே தெருவில் அதன் எல்லாத் தலைமுறையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா காலத்து வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் விஎம்-24 கார்புரேட்டர். 2009-க்குப் பின் வந்த யுசிஇ இன்ஜின் கிளாசிக் 350-இல் வேறு வகைக் கார்புரேட்டர். 2020-இல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது 350-களும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. 2018-இல் வந்த 648 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள் பிறந்ததிலிருந்தே இன்ஜெக்‌ஷன். ஒரே சைலன்சரை இந்த நான்கு வண்டியிலும் மாட்டினால் நான்கு பதில் கிடைக்கும்.

காற்றுக் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கும்போது இன்ஜின் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும். ஏறக்குறைய 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு. அங்கேதான் நல்ல இழுவை, இன்ஜினுக்கும் சூடு அடங்கும். காற்று அதிகமாகிப் பெட்ரோல் போதாமல் போனால் லீன். பெட்ரோல் மிஞ்சினால் ரிச்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். சைலன்சரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப் பழையது, ஏர் ஃபில்டர் பழையது. கடைக்காரர்கள் ஸ்லிப்-ஆன் என்பது இதைத்தான். இதனால் முழு முறுக்கில் காற்று மூன்று சதவீதம் கூடியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 13 என்பது 13.4 ஆகும். இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மார்கழி அதிகாலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் நடுவே காற்றின் அடர்த்தி இதைவிட அதிகமாக மாறுகிறது. இப்போது பெண்ட் பைப்போடு மொத்தமும் மாற்றி, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றி, ஏர் ஃபில்டரையும் திறந்த வகையாகப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். காற்று எட்டு சதவீதம் கூடினால் 13 என்பது 14-ஐத் தொடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டு பேர் ஏறும்போது காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இது சுகமான இடம் இல்லை. முறையாகத் திருத்த வேண்டிய இடம் இது.

ஆகவே உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் சைலன்சர் மட்டும் இருந்தால் இந்த அத்தியாயத்தின் பாதியைக் கடந்துவிட்டீர்கள். "பெண்ட் பைப் நான்-கேட்கான்" (கன்வர்ட்டர் இல்லாதது) என்றும் "ஏர் ஃபில்டர்" என்றும் கூடவே இரண்டு வரி இருந்தால் கவனமாக மேலே படியுங்கள்.

இடையில் ஒரு பழைய வழக்கையும் தீர்த்துவிடலாம். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும் தம்பி" என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவர்கள் அனுபவம் சரி, காரணம்தான் தவறு. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் கடைசியில் இரண்டு வால்வுகளும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். வேகமாக வெளியேறும் புகை அந்தக் கணத்தில் பின்னாலேயே புதுக் கலவையை இழுத்துவிடும். பைப்பைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் புகையின் வேகம் குறையும், இழுப்பும் குறையும். பெரிய மெகாஃபோன் மாட்டிய 350 டிராஃபிக்கில் சோம்பிக் கிடப்பது இதனால்தான். வேண்டியது புகையின் வேகம். அழுத்தம் யாருக்கும் வேண்டாம். எந்த ட்யூனிங்காலும் இந்தச் சோம்பலை முழுதாகப் போக்க முடியாது. பைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

வண்டிக்குக் கண் இருக்கிறதா?

கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. காற்றின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலே வரும், அவ்வளவுதான். எரிந்த பின் என்ன ஆயிற்று என்று அது கேட்பதில்லை.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குக் கண் உண்டு. ஆனால் அரைக்கண். பெண்ட் பைப்பில் மாட்டியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் அது. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது எளிய வகை. குழம்பை ருசி பார்த்து "உப்பு கூட", "உப்பு குறைச்சல்" என்று இரண்டே சொல் சொல்பவரைப் போன்றது. எத்தனை சிட்டிகை என்று கேட்டால் பதில் வராது. அதன் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் ரிச், கீழே இறங்கினால் லீன். இசியு அதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், மறுபடி கூட்டும். நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது நொடிக்கு நொடி இதுதான் நடக்கிறது. வழக்கமாக இருபது, இருபத்தைந்து சதவீதம் வரை இப்படித் திருத்திக்கொள்ள இசியுவுக்கு இடம் இருக்கும். ஸ்லிப்-ஆன் கொண்டுவரும் மூன்று சதவீதத்தை அது இருமாமல் விழுங்கிவிடும்.

முழுக்க முறுக்கும்போது இந்தக் கண் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் இசியு சென்சாரைக் கேட்பதில்லை. தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்தே பெட்ரோல் ஊற்றும். சில வண்டிகள், சீரான ஓட்டத்தில் கற்றுக்கொண்ட திருத்தத்தை இங்கேயும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. ஆக, இன்ஜெக்‌ஷன் வண்டியில் மொத்த எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் கவலைப்பட வேண்டியது முழு முறுக்கைப் பற்றித்தான். அலுவலகம் போய்வரும் ஓட்டத்தைப் பற்றி அல்ல. பார்க்கிங்கில் நின்று ஐடிலைக் கேட்டுவிட்டு "லீனா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்பவரை இதனால்தான் நான் நம்புவதில்லை.

சைலன்சர் மாற்றியதும் ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை ஓட்டுங்கள். ஊருக்குள் கொஞ்சம், நெடுஞ்சாலையில் கொஞ்சம். இசியு புதுப் பழக்கத்துக்கு வரட்டும். அதற்குமுன் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இன்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். சென்சார் வயர் சூடான பைப்பில் பட்டு உருகியிருக்கலாம், அல்லது புதுப் பைப்பில் சென்சாருக்கான துளையே வைக்காமல் விட்டிருப்பார்கள்.

முதலில் ஓட்டை தேடுங்கள்

ட்யூனிங் செலவுகளில் பெரும்பகுதி உண்மையில் ஒரு வாஷர் செலவு என்பது என் அனுபவம். சைலன்சரைக் கழற்றும்போது பெண்ட் பைப்பும் அசையும். சிலிண்டர் ஹெட்டோடு அது சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் ஒருமுறை நசுங்கிப் பழகியது. அதையே திரும்பப் போட்டு முடுக்கினால் முடி அளவு இடைவெளி விட்டுவிடும். சைலன்சரும் பைப்பும் சேரும் கிளாம்ப்பிலும் இதே கதைதான்.

அந்த இடைவெளி வழியே புகை வெளியே வரும் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். காற்று உள்ளேயும் போகும். புகை அலை அலையாக வருகிறது. ஒவ்வோர் அலைக்கும் பின்னால் ஒரு வெற்றிடம் இழுக்கிறது. அப்படி உள்ளே போன காற்று கார்புரேட்டர் வண்டியில் செய்வது ஒன்றுதான்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள் வெடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னொரு கோளாறும் சேரும். ஓட்டை சென்சாருக்கு முன்னால் இருந்தால், சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து "லீன்" என்று பொய் சொல்லும். இசியு நம்பிவிடும். பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழும், சைலன்சர் வாய் கறுக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். "பார்த்தீங்களா, ட்யூனிங் பண்ணலை" என்பார்கள்.

பிடிப்பது எளிது. காலையில் குளிர்ந்த வண்டியைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, பைப் சூடேறுமுன் ஹெட் இணைப்பின் அருகே விரலைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஓட்டை இருந்தால் துடிப்பு துடிப்பாக விரலில் படும். அதில் தெரியாவிட்டால், ஈரத்துணியை நான்காக மடித்து, கையுறை போட்டுக்கொண்டு, ஐடிலில் ஓடும் வண்டியின் சைலன்சர் வாயை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். இணைப்புகள் சரியாக இருந்தால் இன்ஜின் திணறும். எங்கேயோ "ஸ்ஸ்" என்று சீறினால் சீறும் இடம்தான் உங்கள் ட்யூனிங். புது கேஸ்கெட் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை முடுக்குங்கள்.

ஓட்டை எதுவும் இல்லாமலும் வெடிக்கலாம். யுசிஇ இன்ஜின்களில் பிஏவி என்ற சின்ன வால்வு இருக்கிறது. புகையில் மிச்சமான பெட்ரோல் எரிந்து தீரட்டும் என்று எக்ஸாஸ்ட் வாயிலில் சுத்தக் காற்றைச் செலுத்துவது அதன் வேலை. ஆக, கம்பெனியே வேண்டுமென்று வைத்த ஓட்டை. பழைய சைலன்சருக்குள்ளும் இந்த வெடிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. தடுப்புச் சுவர்கள் அதை விழுங்கிவிட்டன. ஷார்ட் பாட்டில் போன்ற புது சைலன்சரில் விழுங்க ஆள் இல்லை. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் மெல்லப் படபடப்பது நோய் அல்ல. அதற்காக ஜெட் மாற்றாதீர்கள்.

எப்போது கவலைப்படுவது

ஆக்ஸிலேட்டரை விடும்போது வருவதைவிட, திறக்கும்போது வருவதுதான் முக்கியம். சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஒரு கணம் ஒன்றுமே நடக்காமல், பிறகு திடீரென்று இழுக்கிறதா? கார்புரேட்டர் பக்கமிருந்து தும்மல் சத்தம் கேட்கிறதா? ஐம்பது அறுபதில் கையை அசைக்காமல் போகும்போது வண்டி தானாக முன்னும் பின்னும் ஊசலாடுகிறதா? ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, மெதுவாக வருகிறதா? இவை லீனுக்கு அறிகுறிகள். நான்காவது கியரில் மேட்டில் முறுக்கும்போது இன்ஜினுக்குள் கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்டால் அது நாக்கிங், அன்றே கவனியுங்கள்.

ரிச்சுக்கு வேறு முகம். சைலன்சர் வாயில் விரலை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கரி மை ஒட்டும், இன்ஜின் சூடேறச் சூடேற ஓட்டம் மோசமாகும், மேலே போகப் போக அடைத்துக்கொண்டது போல் முக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் சந்தேகம் வந்தால் ஒரு பழைய சோதனை: திணறுகிற அதே வேகத்தில், காலியான சாலையில், சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மோசமானால் ஏற்கெனவே ரிச். இந்தச் சோதனைக்கு ஐந்து பைசா செலவில்லை. இருந்தும் இதைச் செய்துவிட்டு வரும் ஆள் நூற்றுக்கு ஒருவர் என்று எங்கள் மெக்கானிக் அலுத்துக்கொள்வார்.

மலையும் ஒரு சோதனைச்சாலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி மேலே போகப் போகத் தானாக ரிச் ஆகும். இழுவை குறைவது எல்லா வண்டிக்கும் பொது; அதைப் பார்க்காதீர்கள். திணறல் என்ன ஆகிறது என்று பாருங்கள். கீழே தும்மிக்கொண்டிருந்த வண்டி குன்னூரைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு ஓடினால், கீழே அது லீனாக இருந்திருக்கிறது. கீழே சரியாக ஓடியது மேலே போய் அடைத்துக்கொண்டால், கீழே விளிம்பில் இருந்திருக்கிறது. யாரோ ஏற்கெனவே பெரிய ஜெட் போட்டிருக்கலாம். மலை போக நேரமில்லாதவர்கள் மார்கழி விடியலில் ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. லீன் கோளாறு அப்போதுதான் பல்லைக் காட்டும்.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது பற்றி. தேன்பழுப்பு நிறம் இருந்தால் சரி, வெள்ளை என்றால் லீன், கறுப்பு என்றால் ரிச் என்ற சூத்திரம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் இல்லை. இப்போதைய பெட்ரோலில் ப்ளக் நன்றாக எரிகிற இன்ஜினிலும் வெளுத்தே இருக்கும். கரி படிந்த கறுப்பை நம்பலாம்; வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சைலன்சர் பைப் நீலம் பாய்வதும் அப்படித்தான். கம்பெனி பைப்புகளில் பல இரட்டைச் சுவர் கொண்டவை, உள்சுவரின் சூடு வெளியே தெரியாது. நீங்கள் வாங்கியது ஒற்றைச் சுவர் ஸ்டீல் என்றால், நல்ல இன்ஜினிலும் அது நிறம் மாறும்.

பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள்

சைலன்சர் மேல் பழிபோடும் பல கார்புரேட்டர்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பங்க்கில் ஊற்றுவது பழைய பெட்ரோல் அல்ல. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றேன். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் தேவை 14.1, இருபது சதவீதம் கலந்த இ-20-க்கு ஏறக்குறைய 13.5. அதாவது சுத்தப் பெட்ரோலுக்கு ஜெட் வைத்த பழைய புல்லட்டில் இ-20 ஊற்றினால், சைலன்சரைத் தொடாமலேயே ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிவிடுகிறது. மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள்: மொத்த எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றினால் வரும் அளவு அது. பத்து சதவீதக் கலவைக்குப் பழகிய வண்டி என்றாலும் நான்கு சதவீதம் போகும்; ஸ்லிப்-ஆன் செய்வதைவிட அதிகம்.

எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் நாக்கிங் பயம் குறையும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் காலையில் கிக்கருக்கு அடங்காமை, கிளம்பும்போது தும்மல் இரண்டும் வரும். ஆகவே உங்கள் பழைய கார்புரேட்டர் வண்டிக்கு உண்மையிலேயே ஒரு எண் பெரிய ஜெட் தேவைப்படலாம். காரணம் மட்டும் புது சைலன்சர் அல்ல. ஆக்ஸிஜன் சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் வண்டி சீரான ஓட்டத்தில் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சரி, வேண்டும் என்று ஆகிவிட்டது

கார்புரேட்டர் என்றால், திணறல் எந்த அளவு முறுக்கில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வேகமும் கியரும் இதற்கு உதவாது. எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதே கணக்கு. ஆக்ஸிலேட்டர் கிரிப்பில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போடுங்கள். கால்வாசி வரை பைலட் ஜெட்டும் ஸ்க்ரூவும் ஆளும். கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். கிளம்பும்போது தும்முகிற வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிக் கொடுப்பது தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவது. ஆனால் ஊரெங்கும் நடப்பது அதுதான், ஏனென்றால் மெயின் ஜெட்தான் எளிதில் கழலும்.

ஸ்க்ரூ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டின் விஎம்-24-இல் இருப்பது ஏர் ஸ்க்ரூ; வெளியே திருகினால் காற்று கூடும், லீன் ஆகும். யுசிஇ 350-இன் கார்புரேட்டரில் இன்ஜின் பக்கம் இருப்பது கலவை ஸ்க்ரூ. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், ரிச் ஆகும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தலைகீழாக வேலை செய்துவிடும். எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டை ஒரு எண்ணுக்கு மேல் தாண்டாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்குச் சந்தையில் மூன்று வகை மருந்து இருக்கிறது. முதலாவது, காற்றின் வெப்பநிலை சென்சாரை ஏமாற்றும் சின்னப் பொட்டலம். காற்று இருப்பதைவிடக் குளிராக இருப்பதாகச் சொல்லி இசியுவைக் கொஞ்சம் அதிகம் ஊற்ற வைக்கும். சீரான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும், முறுக்கும் நேரத்தில்தான் பயன். இரண்டாவது, இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்காரும் பிக்கிபேக் பெட்டி. பெங்களூரில் தயாராகும் பவர்ட்ரானிக் இந்த வகை. ஆர்பிஎம்முக்கும் முறுக்குக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைத் திருத்தலாம், இக்னிஷனையும் தொடலாம். மூன்றாவது, இசியு மேப்பையே மாற்றி எழுதுவது. ஸ்லிப்-ஆன் மட்டும் போட்டவருக்கு மூன்றும் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மொத்த எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றியவருக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வேண்டும், அதுவும் சக்தியை அளக்கும் டைனோ மேடையில் வைத்து.

டைனோவுக்குப் போனால் கேட்க வேண்டியது குதிரைச்சக்தி எண்ணை அல்ல. அகலப்பட்டை ஆக்ஸிஜன் சென்சார் வைத்து, காற்று-பெட்ரோல் விகிதத்தின் கோடு ஆர்பிஎம் நெடுக எப்படிப் போகிறது என்ற காகிதத்தைக் கேளுங்கள். திருத்துமுன் ஒன்று, திருத்திய பின் ஒன்று, ஒரே மேடையில், ஒரே நாளில். முழு முறுக்கில் கோடு 13-ஐ ஒட்டிப் படுத்திருந்தால், திருத்தவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு டைனோ கூலியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். முன்கோடு காட்டாமல் பின்கோடு மட்டும் காட்டும் கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இதையும் நினைவில் வையுங்கள். இப்போதைய 350-களின் அறிவிக்கப்பட்ட சக்தி 20.2 குதிரை, அது கிராங்க்கில். பின்சக்கரத்துக்கு வருமுன் கியரும் செயினும் ஒரு பங்கைத் தின்றுவிடும், எனவே மேடையில் பதினேழு பதினெட்டு காட்டினால் பதற வேண்டாம். அதில் மூன்று சதவீதம் கூடினால் அரைக்குதிரை. பின்சீட்டில் ஆள் ஏறினால் அந்த அரைக்குதிரை எங்கே போனதென்றே தெரியாது. 47 குதிரை கொண்ட 650-இல் அதே மூன்று சதவீதம் ஒன்றரைக்கு அருகில் வரும். அங்கே கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. முழு முறுக்குச் சோதனையை ஈசிஆர் போன்ற பொதுச் சாலையில் செய்யாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் எதற்கு இருக்கிறது?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பின்போது ஒலி வரம்பு 80 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரும், சிறையும் சாத்தியம். ஒலி, புகை விதிமீறலுக்கு 190(2)-இன்கீழ் 10,000 வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் தடையும் உண்டு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய வண்டியை எந்த ட்யூனிங்கும் சட்டத்துக்குள் கொண்டுவராது. சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போலீஸைக் கண்டால் மாட்டுவதும் ட்யூனிங் வகையில் சேராது.

பழைய சைலன்சரை விற்காதீர்கள்

சென்னை ஜி.பி. ரோட்டில் புது சைலன்சர் வாங்கும்போது பழையதற்கு ஒரு விலை சொல்வார்கள். கொடுத்துவிடாதீர்கள். கோணிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். மறுவிற்பனைக்கு உதவும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், உங்களிடம் இருப்பதிலேயே நம்பகமான சோதனைக் கருவி அதுதான்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். என் பழைய 350-க்கு லாங் பாட்டில் சைலன்சர் போட்ட மறுவாரம் கிளம்பும்போது தும்மல் தொடங்கியது. ஒரு மெக்கானிக் மெயின் ஜெட் ஏற்றினார். தும்மல் நிற்கவில்லை, மைலேஜ் 36-இலிருந்து 28-க்கு இறங்கியது. இன்னொருவர் நீடிலை ஒரு படி தூக்கினார். தும்மல் அப்படியே இருந்தது, வாடை மட்டும் கூடியது. மூன்றாமவர் வயதானவர், வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய சைலன்சர் இருக்கா தம்பி? அதை மாட்டிக்கிட்டு வா" என்றார். மாட்டிக்கொண்டு போனேன். தும்மியது.

அவர் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஐடிலில் ஓடிய இன்ஜினின் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் அடித்தார். இன்ஜின் சுருதி மாறியது. ரப்பரின் அடிப்பக்கத்தில், குனிந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு விரிசல். சைலன்சர் மாற்றியபோது ஸ்பேனர் போட இடம் வேண்டும் என்று யாரோ கார்புரேட்டரை இழுத்துச் சாய்த்திருக்கிறார்கள். புது ரப்பர் போட்டார். ஜெட்டையும் நீடிலையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு லாங் பாட்டிலை அவரே திரும்ப மாட்டிக் கொடுத்தார்.